வலைத்தள வருகைக் கணக்கு தப்பாகக் காட்டுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சின்னக் கடைகள், சமையல் தளங்கள், இணைய இதழ்கள் என்று பலருடைய தளங்களுக்கு, வருகையை எண்ணும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் 4 (இனி ஜிஏ4) போட்டுக் கொடுப்பதும் பராமரிப்பதும் என் வேலை. வருகிற புகார்கள் பெரும்பாலும் ஒரே ஏழெட்டு வகைதான். அவற்றை அறிகுறிவாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் தளத்தில் தெரிகிற அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும். பெரும்பாலான தளங்கள் வேர்ட்பிரஸ்ஸில் இருப்பதால் அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

## எதையும் தொடுவதற்கு முன்

எண் மாறியிருக்கிறது, சரி. மாறியது வாசகர் வருகையா, அதை எண்ணுகிற முறையா? இதைத் தெரிந்துகொள்ளாமல் கோடிங்கில் கை வைக்காதீர்கள். வருகை நன்றாக இருக்கும்போதே பயந்து விளம்பரத்துக்குப் பணம் கொட்டியவர்களையும், போலி வருகையை நம்பிப் புதிதாக ஆள் எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு தவறான எண் நிஜமான பணத்தைத் தின்றுவிடும்.

ரிப்போர்ட்டை நாள்வாரி வரைபடமாக வைத்துப் பாருங்கள். ஒரே நாளில் செங்குத்தாக ஏறினாலோ விழுந்தாலோ பெரும்பாலும் எண்ணும் முறையில் கோளாறு. வாரக்கணக்கில் சரிந்தால் தேடலிலோ வாசகரிடமோ மாற்றம்.

அடுத்து, இன்னொரு சாட்சியைக் கூப்பிடுங்கள். சர்ச் கன்சோலில் (கூகுள் தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் கருவி) கிளிக் எண்ணிக்கை, கடை என்றால் ஆர்டர் எண்ணிக்கை, தொடர்புப் படிவத்தில் வந்த விசாரணைகள். ஜிஏ4 பாதியாக விழுந்தும் இவை அசையவில்லை என்றால் வாசகர் எங்கேயும் போகவில்லை.

நேற்றைய எண்ணை வைத்து இன்று சண்டை போடாதீர்கள். ஜிஏ4 ரிப்போர்ட் முழுமையாக நிரம்ப 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம். தினமும் காலையில் "நேற்று குறைந்துவிட்டதே" என்று போன் செய்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: முந்தாநாளைப் பாருங்கள்.

## அறிகுறி: எண்ணிக்கை பூஜ்யமாகிவிட்டது

நீங்கள் லாகின் செய்துவிட்டுச் சோதிக்கிறீர்களா? கூகுளின் சைட் கிட் பிளகின், லாகின் செய்தவர்களை எண்ணாமல் விடும்படிதான் முதலிலேயே அமைக்கப்பட்டு வருகிறது. உரிமையாளர் தன் தளத்தைத் திறந்து ரியல்டைம் ரிப்போர்ட்டைப் பார்ப்பார், ஒன்றுமே வராது, "வேலை செய்யவில்லை" என்பார். இன்காக்னிட்டோ விண்டோவில், அல்லது வைஃபையை அணைத்துவிட்டுப் போனில் திறந்து பாருங்கள். ரியல்டைம் கடைசி 30 நிமிடத்தைக் காட்டும். உங்கள் வருகை அதில் வந்துவிட்டால் டேக் (வருகையை எண்ணப் பக்கத்தில் போட்ட ஸ்கிரிப்ட்) உயிரோடு இருக்கிறது.

டேக் இருக்கிறதா? தீம் மாற்றினாலோ அப்டேட் செய்தாலோ, ஹெடரில் கையால் ஒட்டிய ஸ்கிரிப்ட் போய்விடும். கணினியில் குரோமில் தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். நெட்வொர்க் தாவலில், ஃபில்டர் கட்டத்தில் "கலெக்ட்" என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி, பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். கூகுள் அனலிட்டிக்ஸ் முகவரிக்கு ஒரு வரி போய், ஸ்டேட்டஸ் 204 என்று வந்தால் உங்கள் பக்கத்திலிருந்து தகவல் கிளம்புகிறது. வரியே இல்லை என்றால் டேக் இல்லை, அல்லது எதுவோ தடுக்கிறது. இந்தச் சோதனையை ஆட்பிளாக்கர் இல்லாத பிரவுசரில் செய்யுங்கள். பிரேவ் பிரவுசரிலோ யூபிளாக் போட்ட குரோமிலோ பார்த்தால், நன்றாக ஓடும் டேக்கும் செத்ததுபோல் தெரியும்.

எந்த எண்ணுக்குப் போகிறது? அந்த வரியைத் திறந்தால் ஜி எழுத்தும் கோடும் முன்னால் வைத்த அளவீட்டு எண் தெரியும். ஜிஏ4-இன் அட்மின் பகுதியில் டேட்டா ஸ்ட்ரீமில் இருக்கும் எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பழைய டெவலப்பருடைய கணக்குக்குத் தகவல் போய்க்கொண்டிருந்த தளங்கள் உண்டு. யூஏ என்று தொடங்கும் எண் மட்டும்தான் இருக்கிறது என்றால், அது பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ். 2023 ஜூலை 1 முதல் அது புதுத் தகவல் வாங்குவதில்லை. புதிதாக ஜிஏ4 போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆளைக் கூப்பிடும் இடம்: டேக் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் கன்சோல் தாவலில் சிவப்பு எழுத்தில் "கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி" என்று பிழை வருகிறது. சர்வர் அமைப்பில் கை வைக்க வேண்டிய வேலை இது. தப்பாக மாற்றினால் தளத்தின் பாதுகாப்பே போய்விடும். ஹோஸ்டிங் தெரிந்தவரிடம் விடுங்கள்.

## அறிகுறி: பாதியாக விழுந்துவிட்டது, ஆனால் பூஜ்யம் இல்லை

இது பூஜ்யத்தைவிட மோசம். ஏதோ எண் வந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் மாதக்கணக்கில் சந்தேகம் வராது.

முதலில், சில பக்கங்களில் மட்டும் டேக் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முகப்பு, ஒரு கட்டுரை, ஒரு பொருள் பக்கம், செக்அவுட் பக்கம் என வகைக்கு ஒன்றைத் திறந்து மேலே சொன்ன கலெக்ட் சோதனையைச் செய்தால் போதும்.

எல்லாப் பக்கத்திலும் டேக் இருக்கிறதா? அப்படியானால் என் சந்தேகம் வேகம் கூட்டும் பிளகின்மேல். கேச் பிளகின்கள் பலவற்றில் "டிலே ஜாவாஸ்கிரிப்ட்" என்றொரு வசதி உண்டு. வாசகர் திரையைத் தொடும் வரை, ஸ்க்ரோல் செய்யும் வரை எந்த ஸ்கிரிப்ட்டையும் அது ஓட விடாது. பேஜ்ஸ்பீடு மதிப்பெண் எகிறும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பக்கத்தைத் திறந்து, மேலே இருக்கும் விலையையோ தொலைபேசி எண்ணையோ பார்த்துவிட்டு எதையும் தொடாமல் மூடியவர் எண்ணிக்கையில் வரவே மாட்டார். சோதிப்பது சுலபம்: நெட்வொர்க் தாவலைத் திறந்து வைத்து, பக்கம் ஏறியதும் மவுஸையும் கீபோர்டையும் தொடாமல் பத்து விநாடி சும்மா இருங்கள். கலெக்ட் வரி வராது. கொஞ்சம் ஸ்க்ரோல் செய்ததும் வந்துவிடும். அப்படி நடந்தால் இதுதான் காரணம். அந்தப் பிளகின் அமைப்பில், தாமதிக்க வேண்டாத ஸ்கிரிப்ட்டுகள் பட்டியலில் கூகுள் டேக்கைச் சேர்த்துவிட்டு, கேச்சைக் காலி செய்யுங்கள். மதிப்பெண் கொஞ்சம் குறையலாம். குறையட்டும். உண்மைக் கணக்கு அதைவிட முக்கியம்.

அப்புறம் குக்கீ ஒப்புதல் பட்டை. ஐரோப்பிய வாசகருக்காகப் போட்ட பட்டை, எல்லா நாட்டுக்கும் "ஒப்புக்கொள்ளும் வரை எண்ணாதே" என்று அமைந்திருந்தால் மதுரை வாசகரும் எண்ணப்பட மாட்டார். பட்டையின் அமைப்பில் நாடுவாரியாக விதி வைக்க முடியுமா என்று பாருங்கள். பாரிஸ், ஒஸ்லோ, சூரிச் என்று புலம்பெயர்ந்த வாசகர் நிறைய உள்ள தளங்களில் பட்டையை எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சட்டம் சம்பந்தப்பட்டது. கன்சென்ட் மோட் (வாசகரின் ஒப்புதலைக் கூகுள் டேக்குக்குச் சொல்லும் அமைப்பு) சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: பக்கப் பார்வை இரட்டிப்பு, பவுன்ஸ் ரேட் கிட்டத்தட்ட பூஜ்யம்

இரண்டும் சேர்ந்து வந்தால் வேறு காரணம் தேடவே வேண்டாம், டேக் இரண்டு முறை ஓடுகிறது. ஒரு வருகையில் இரண்டு பக்கப் பார்வை இருந்தாலே ஜிஏ4 அதை ஈடுபாடுள்ள வருகை என்று எடுத்துக்கொள்ளும். ஈடுபாடில்லாத வருகைகளின் பங்குதான் பவுன்ஸ் ரேட். ஒரே பக்கம் இரண்டாக எண்ணப்படும்போது ஒருவர் விடாமல் எல்லோரும் "ஈடுபாடு" காட்டியதாகிவிடும். இந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்து, "எங்கள் தளத்தில் பவுன்ஸே இல்லை" என்று விளம்பரதாரரிடம் சொல்கிறவர்கள் உண்டு. அவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் அங்கேயே நம்பிக்கை போய்விடும்.

கலெக்ட் வரிகளைத் திறந்து, நிகழ்வுப் பெயர் "பேஜ் வியூ" என்று இருப்பவை எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு முறை ரீலோட் செய்தால் ஒன்றுதான் வர வேண்டும். ஸ்க்ரோல், கிளிக் ஆகியவற்றுக்குத் தனி வரி வருவது சகஜம், அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இரண்டு வந்தால்:

- பிளகின் ஒன்று டேக் போடுகிறது, தீம் ஹெடரில் பழைய ஸ்கிரிப்ட்டும் இருக்கிறது. ஒன்றை எடுங்கள். ஹெடரில் ஒட்டியதை எடுப்பதுதான் என் விருப்பம்.
- டேக் மேனேஜர் (டேக்குகளை ஒரே இடத்திலிருந்து போடும் கூகுள் கருவி) வழியாகவும், நேரடியாகவும் ஓடுகிறது. இங்கே டேக் மேனேஜரை வைத்துக்கொள்ளுங்கள்.
- பக்கம் முழுதாக ரீலோட் ஆகாமல் உள்ளடக்கம் மட்டும் மாறுகிற தளம். ஜிஏ4-இன் "என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட்" முகவரி மாறுவதைப் பார்த்து ஒரு பார்வை எண்ணும், டெவலப்பரும் தன் கோடில் ஒன்று அனுப்புவார். எதை நிறுத்துவது என்று அந்த டெவலப்பர்தான் சொல்ல வேண்டும்.

சரிசெய்த மறுநாள் எண் பாதியாக விழும். முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவைத்துவிட்டு, தேதியையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய தகவலைத் திருத்த வழி இல்லை.

## அறிகுறி: கேள்விப்படாத ஊரிலிருந்து வருகை கொட்டுகிறது

சந்தேகப்படுவதற்கு முன் சர்ச் கன்சோலில் டிஸ்கவர் (தேடாமலே போனில் கூகுள் காட்டும் கட்டுரை வரிசை) ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்கள். ஒரு கட்டுரை கூகுள் டிஸ்கவரில் ஏறினால் ஒரே நாளில் வருகை பல மடங்காகி, இரண்டொரு நாளில் இறங்கிவிடும். அது நிஜ வாசகர் கூட்டம்தான்.

அங்கே ஒன்றும் இல்லை என்றால் நகரவாரியாகப் பாருங்கள். வர்ஜீனியாவின் ஆஷ்பர்ன், ஓரிகனின் போர்ட்மன், அயோவாவின் கவுன்சில் பிளஃப்ஸ் என்று வந்தால் அவை பெரிய டேட்டா சென்டர்கள் இருக்கும் ஊர்கள். உங்கள் தமிழ்க் கட்டுரையை அங்கே அத்தனை பேர் உட்கார்ந்து படிக்கவில்லை. கூடவே சராசரி ஈடுபாட்டு நேரம் ஒன்றிரண்டு விநாடி, எல்லோருக்கும் ஒரே திரை அளவு, எல்லாமே டைரக்ட் (எங்கிருந்து வந்தது என்று தெரியாத வருகை) என்றிருந்தால் அது பாட், அதாவது தானியங்கி நிரல்தான். தெரிந்த பாட்களை ஜிஏ4 தானாகவே தள்ளிவிடுகிறது. நீங்கள் பார்ப்பது அந்தப் பட்டியலில் இல்லாதவை.

ஜிஏ4-இன் டேட்டா ஃபில்டரில் நாடு வைத்து விலக்கும் வசதி இல்லை. அதனால் முதல் கட்டமாக ரிப்போர்ட்டில் ஒப்பீடு போட்டு அந்த ஊர்களைக் கழித்துப் பாருங்கள். செலவில்லை, எதுவும் அழியாது. அடுத்த கட்டம், தளத்துக்கு முன்னால் கிளவுட்ஃபிளேர் என்ற பாதுகாப்புச் சேவையைப் போட்டு, சந்தேகப்படும் வருகைக்கு மட்டும் சோதனைப் பக்கம் காட்டுவது. அதன் இலவசத் திட்டத்திலேயே பாட் தடுப்பு இருக்கிறது.

ஒரு வேண்டுகோள்: நாட்டையே தடுக்காதீர்கள், முக்கியமாகச் சிங்கப்பூரை. அங்கும் டேட்டா சென்டர்கள் நிறைய இருப்பதால் பாட் வருகை வரும். ஆனால் தமிழ் வாசிக்கிற, தமிழ்க் கடையில் பொருள் வாங்குகிற நிஜ மனிதர்களும் அங்கே இருக்கிறார்கள். எண்ணிக்கை சுத்தமாக வேண்டும் என்பதற்காக அவர்கள் முகத்தில் கதவைச் சாத்துவது நியாயமில்லை.

கிளவுட்ஃபிளேர் போட்டும் நிற்கவில்லையா? அந்த நேரத்து சர்வர் லாகை (சர்வருக்கு வந்த கோரிக்கைகளின் பதிவை) எடுத்துப் பாருங்கள். ஜிஏ4-இல் வருகை இருக்கிறது, லாகில் அந்தக் கோரிக்கையே இல்லை என்றால், யாரோ உங்கள் தளத்துக்கே வராமல் உங்கள் அளவீட்டு எண்ணுக்கு நேரடியாகப் பொய்த் தகவல் அனுப்புகிறார்கள். தளத்தில் என்ன பூட்டுப் போட்டாலும் பயனில்லை. இங்கே அனுபவமுள்ள ஆள் தேவை.

கூடவே இன்னொன்றையும் பாருங்கள்: ஹோஸ்ட்நேம், அதாவது டேக் ஓடிய தளத்தின் பெயர். உங்கள் டொமைன் அல்லாத பெயர் வந்தால், யாரோ உங்கள் பக்கத்தை டேக்கோடு நகலெடுத்திருக்கலாம், அல்லது டெவலப்பரின் சோதனைத் தளத்திலும் அதே டேக் ஓடலாம். பெயரின் கடைசியில் "டிரான்ஸ்லேட் டாட் கூக்" என்று இருந்தால் பயப்பட வேண்டாம், கூகுள் மொழிபெயர்ப்பு வழியாகப் படித்த நிஜ வாசகர் அவர்.

## அறிகுறி: "டைரக்ட்" வீங்கிக்கொண்டே போகிறது, "அன்அசைன்டு" முளைக்கிறது

நம் ஊர்த் தளங்களில் முதல் காரணம் வாட்ஸ்அப். குடும்பக் குரூப்பில் வந்த லிங்க்கைத் தொட்டு வருகிறவர் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் பெரும்பாலும் கூட வராது. ஜிஏ4 அவரை டைரக்ட்டில் போட்டுவிடும். மற்றவர்கள் தாங்களாக நகலெடுத்து அனுப்பும் லிங்க்கை நாம் ஒன்றும் செய்ய முடியாது. நம் கையில் இருப்பது தளத்தின் வாட்ஸ்அப் பகிர்வு பட்டனும், நாமே சேனலில் போடும் லிங்க்கும். அவற்றில் யூடிஎம் வால் (எங்கிருந்து வந்தது என்று சொல்ல லிங்க்கின் கடைசியில் ஒட்டும் குறிப்பு) சேருங்கள். மீடியம் என்ற இடத்தில் "சோஷியல்" என்ற ஆங்கிலச் சொல்லையே, சின்ன எழுத்தில் போடுங்கள். மின்மடலுக்கு "ஈமெயில்". "நியூஸ்லெட்டர்" என்று சொந்தமாக ஒன்றைப் போட்டால் ஜிஏ4-க்கு அது எந்த வகை என்று தெரியாது, அன்அசைன்டில் தள்ளிவிடும்.

பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஜிஏ4-க்கு வேறு வேறு. ஒரு கடையின் ரிப்போர்ட்டில் ஃபேஸ்புக் மூன்று வரியாகப் பிரிந்து கிடந்தது: முதலெழுத்து பெரியதாக ஒன்று, முழுக்கச் சின்ன எழுத்தில் ஒன்று, எஃப்பி என்று சுருக்கி ஒன்று. மூன்று பேர் மூன்று விதமாக லிங்க் தயாரித்திருந்தார்கள். மூன்றையும் கூட்டினால் அதுதான் அந்தக் கடைக்கு முதலிடத்து வழி. தனித்தனியாகப் பார்த்ததால் அந்த விளம்பரத்தை நிறுத்திவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பொதுவான ஒரு கூகுள் ஷீட் வைத்து, அதிலிருந்து மட்டுமே லிங்க் எடுப்பது என்று முடிவு செய்தால் இந்தத் தொல்லை தீரும்.

யூடிஎம் போட்டும் டைரக்ட்டில் விழுகிறதா? அந்த லிங்க்கைப் பிரவுசரில் ஒட்டி, பக்கம் திறந்ததும் முகவரிப் பட்டையில் வால் இன்னும் இருக்கிறதா பாருங்கள். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இல்லாத முகவரிக்குத் திருப்பிவிடும் வழியில் சில ரீடைரக்ட்டுகள் வாலை வெட்டிவிடும். ரீடைரக்ட்டைச் சரிசெய்ய வேண்டும், அல்லது கடைசி முகவரியையே லிங்க்கில் போட வேண்டும்.

தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் பேனரில் யூடிஎம் போடவே போடாதீர்கள். வாசகர் உண்மையில் எங்கிருந்து வந்தார் என்பதை அது குழப்பிவிடும்.

## அறிகுறி: கடையில் ஆர்டர் இருக்கிறது, ஜிஏ4-இல் இல்லை

ஒரு நாள் ஆர்டர் பட்டியலை எடுங்கள். ஜிஏ4-இல் டிரான்சாக்‌ஷன் ஐடி வாரியாக அதே நாளை எடுங்கள். இரண்டையும் ஷீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விடுபட்ட ஆர்டர்களுக்கு நேராகப் பணம் செலுத்திய முறையை எழுதுங்கள். பதில் பெரும்பாலும் அந்தப் பத்தியிலேயே இருக்கும்.

விடுபட்டவை அதிகமும் யூபிஐ என்றால்: வாடிக்கையாளர் போனில் வாங்குகிறார். ஜிபே ஆப் திறக்கிறது, பின் நம்பர் போடுகிறார், பச்சை டிக் வருகிறது. பணம் போய்விட்டது, அவருக்கு வேலை முடிந்தது. போனை மூடி வைத்துவிடுகிறார். பிரவுசருக்குத் திரும்பி, "நன்றி" பக்கம் திறந்தால்தான் ஜிஏ4-க்கு விற்பனைத் தகவல் போகும். அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. இதற்கு நிரந்தர மருந்து, பணம் வந்ததை பேமெண்ட் கேட்வே உங்கள் சர்வருக்குச் சொன்னதும், சர்வரிலிருந்தே மெஷர்மென்ட் புரோட்டோகால் வழியாக ஜிஏ4-க்கு அனுப்புவது. இது டெவலப்பர் வேலை, காசு ஆகும். அதுவரை வருமானத்துக்கு ஜிஏ4-ஐப் பார்க்காதீர்கள், கடைக் கணக்கைப் பாருங்கள்.

எல்லா முறையிலும் பரவலாக விடுபட்டால்: ஆட்பிளாக்கர் அல்லது ஒப்புதல் பட்டை. பாதிக்குறைவு அறிகுறிக்குத் திரும்புங்கள்.

ஜிஏ4-இல் கூடுதலாக இருந்தால்: நன்றிப் பக்கத்தை ரீலோட் செய்யும்போதெல்லாம் ஒரு விற்பனை ஏறுகிறது. டிரான்சாக்‌ஷன் ஐடி அனுப்பினால் ஜிஏ4 தானே இரட்டையை நீக்கும். ஐடி அனுப்பப்படாமல் விடுபடுகிறதா என்று ஜிஏ4-இன் டிபக்வியூவில் (வரும் தகவலை உடனுக்குடன் காட்டும் இடம்) பாருங்கள்.

விற்பனையெல்லாம் பேமெண்ட் கேட்வேயிலிருந்து வந்ததாகக் காட்டினால்: அட்மின், டேட்டா ஸ்ட்ரீம்ஸ், டேக் செட்டிங்ஸ் போய், வேண்டாத ரெஃபரல் பட்டியலில் அந்த கேட்வே டொமைனைச் சேருங்கள். 50 வரை சேர்க்கலாம். ஐந்து நிமிட வேலை, நீங்களே செய்யலாம்.

## அறிகுறி: சர்ச் கன்சோலோடும் ஃபேஸ்புக்கோடும் ஒத்துவரவில்லை

ஒத்துவராது. சர்ச் கன்சோல் கிளிக்கை எண்ணுகிறது, ஜிஏ4 பக்கம் திறந்து டேக் ஓடிய பிறகு வருகையை எண்ணுகிறது. சர்ச் கன்சோலின் நாள் அமெரிக்கப் பசிபிக் நேரப்படி தொடங்கும். ஃபேஸ்புக்கில் லிங்க் கிளிக் வேறு, லேண்டிங் பேஜ் வியூ வேறு. இரண்டாவதோடு ஒப்பிடுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள விகிதம் மாதாமாதம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். விகிதம் திடீரென்று உடைந்தால் மட்டும் தேடுங்கள்.

அட்மினில் உங்கள் பிராப்பர்ட்டியின் டைம்ஸோனை ஒரு முறை பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் என்று இருந்தால், ராத்திரி எட்டு மணிக் கூட்டம் காலையில் வந்ததாகத் தெரியும். இந்தியாவுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு வருவதற்கு மட்டும்தான் அது பொருந்தும்.

## அறிகுறி: புது வாசகர்களே வருகிறார்கள், பழையவர்கள் திரும்புவதில்லை

ஐபோன் வாசகர்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கீயை சஃபாரி 7 நாளில் அழித்துவிடும். ஞாயிறுதோறும் வருகிறவர் ஒரு வாரம் தவறவிட்டால் அடுத்த தடவை அவர் புது ஆள். லண்டன், டொராண்டோ வாசகர்கள் அதிகமுள்ள தளங்களில் இது நன்றாகவே தெரியும். ஃபேஸ்புக் ஆப்புக்குள் திறந்தவரும் குரோமில் திறந்தவரும் ஒரே ஆளாக இருந்தாலும் இரண்டு பேர்தான். மலிவான தீர்வு இல்லை. பயனர் எண்ணிக்கையை விட்டு, வருகை எண்ணிக்கையையும் படித்த நேரத்தையும் வைத்து முடிவெடுங்கள்.

## சின்னச் சின்னவை

ஊர் தப்பாகக் காட்டுகிறது என்றால், அது ஐபி முகவரியை வைத்துப் போடும் கணிப்பு. மொபைல் டேட்டாவில் திருநெல்வேலி வாசகர் சென்னையாகத் தெரியலாம். மாநில அளவில் நம்புங்கள், ஊரளவில் நம்பாதீர்கள்.

எக்ஸ்ப்ளோர் பகுதியில் பழைய தகவல் காணோம் என்றால், அட்மினில் டேட்டா ரிடென்ஷன் (தகவலை வைத்திருக்கும் காலம்) 2 மாதத்தில் நிற்கிறது. 14 மாதமாக்குங்கள், இன்றைக்கே. போனது வராது.

உங்கள் ஆபீஸ் ஆட்களே எண்ணிக்கையை ஏற்றுகிறார்கள் என்றால், உள் வருகை ஃபில்டர் "டெஸ்டிங்" நிலையிலேயே கிடக்கும். அதை "ஆக்டிவ்" ஆக்குவதற்கு முன் ஐபி சரியா என்று இரண்டு முறை பாருங்கள். ஃபில்டர் தள்ளியது நிரந்தரமாகப் போய்விடும். வீட்டு பிராட்பேண்டில் ஐபி மாறிக்கொண்டே இருப்பதால் இந்த ஃபில்டர் நிற்காது. லாகின் செய்தவர்களை எண்ணாமல் விடும் பிளகின் அமைப்பே அங்கே போதும்.

## ஆளைக் கூப்பிடும்போது கையில் வைத்திருக்க வேண்டியவை

எண் மாறிய தேதி. அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பின்னாக அப்டேட் ஆன தீம், பிளகின் பெயர்கள். கலெக்ட் வரியின் ஸ்க்ரீன்ஷாட். சர்ச் கன்சோலின் அதே காலத்து வரைபடம். இவை இருந்தால் தெரிந்தவர் பாதி நேரத்தில் முடித்துவிடுவார். பழுது பார்ப்பதற்கு மணிக்கணக்கில்தான் காசு, அதனால் உங்களுக்கும் மிச்சம். அனுமதி கொடுக்கும்போது உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். ஜிஏ4 அட்மினில் அவருடைய மின்னஞ்சலை எடிட்டராகச் சேருங்கள், வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள்.